ஓர் ஒற்று

துணுக்காயில் இரவு பதினொன்று. கரண்ட் நிக்குது.
கலைக்களஞ்சியத்தின் நாளைய முதற்பக்கத்துக்கு
ஒரு வரி பாக்கி:
நாவலடிக்குளம் உடைந்த நாள்.

உடைந்ததா, உடைத்ததா?
கீழ்க்கரையார் எழுத எழுத
மேற்கரையார் வந்து வெட்டுகிறார்கள்,
கணினிக்குள்ளும் மண்வெட்டியோடு.
'ஊர்ச் சங்கதி, முதற்பக்கத்துக்குப் பெறுமதி காணாது'
ரொறன்ரோவிலிருந்து இருதயராசா.
ஆதாரம் என்றால்
பேப்பரில் நாலு வரி. அதிலும்
செத்த மாடுகளின் கணக்குத்தான் சரி.

சேர்க்க ஆறு, விலக்க ஆறு.
மிச்சம் என்னுடையது.

நான் எந்தக் கரையென்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
விடிய, உடைப்பு வாயில்
கிடந்தது எங்கள் வீட்டு மண்வெட்டி.
அதற்கு மேற்கோள் இல்லை.

'உடை' வரை அடித்தாயிற்று.
இனி ஓர் ஒற்று.
ந்?
த்?