ஒரு வாட் காணி

உரிமம் தபாலில் வந்தது.
ஒரு வாட்.
என் குளிர்பெட்டிக்குள் எரியும் விளக்கே பதினைந்து.

மொரீன் அதை மூன்று தரம் வாசித்தாள்.
லொறிக் கம்பனியில் முப்பது வருடம்
சாரதிகளை ரேடியோவில் வைது பழகியவள்.
‘வேலிக்குள் மட்டும்’ என்ற இடத்தில் விரலை ஊன்றி
எந்த வேலி என்றாள்.

விதர்ன்சீக்குத் தெற்கே
களிமண் செங்குத்தின் மேல்
நாற்பத்தாறு கேரவன்கள்.
மூன்று பக்கம் வேலி.
நாலாவது பக்கத்து வேலி மாசியில் விழுந்தது,
கட்டைகளோடும்
‘விளிம்புக்குப் போகாதீர்’ பலகையோடும்.

விண்ணப்பத்தோடு வரைபடம் கேட்டார்கள்,
எல்லையைச் சிவப்பு மையால் வரைந்து.
அலுவலகச் சுவரில் தொங்கிய பழைய படத்தில்தான் வரைந்தோம்.
கிழக்கே அந்தக் கோடு
இப்போது காற்றில் போகிறது.
கடற்காகங்கள் அதற்குக் கீழே பறக்கின்றன.

ஒலிபரப்பு என்ற சொல்லை
அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன்.
காணியைப் பரப்பில் அளக்கிற ஆட்கள் நாங்கள்.
என் பெயரில் எங்கேயும்
அரைப் பரப்பு கிடையாது.
ஒலி எத்தனை பரப்பு?

மொரீனின் காரில் அளக்கப் போனோம்.
சலவைக்கூடம் வரை துப்புரவு.
நாய்கள் ஓடும் புல்லில் கொஞ்சம் இரைச்சல்.
கேற்றைத் தாண்டினால்
யாரோ போர்வைக்குள் கதைக்கிற மாதிரி.
மின்கம்பியின் கீழே ஒன்றுமில்லை.
திரும்பி வரும்போது அவள் சொன்னாள்,
பரவாயில்லை, உனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது.

கொடிக்கம்பத்திலிருந்து சலவைக்கூடப் புகைபோக்கிக்கு
ஒரே வயர். அதுதான் கண்ணுக்குத் தெரிகிற நிலையம்.
மிச்சம் மண்ணுக்குள்:
பதினாறு செப்புக் கம்பிகள்,
புல்லைக் கீறி, சைக்கிள் ஆரம் மாதிரி விரித்துப் புதைத்தது.
அகழெலியா என்று கேட்டுவிட்டுப் போனார்
முப்பத்தோராம் இலக்க அக்ரொய்ட்.

சனிக்கிழமை, மாலை ஆறு.
மொரீன் சலவை நேரம் வாசித்தாள்,
வற்றுப்பெருக்கு நேரம் வாசித்தாள்,
கண்டெடுத்த பொருள்: ஒரு செருப்பு, இடக்கால், நீலம்.
பிறகு என் முறை.
இந்தப் பரப்புக்குள் தமிழ் தெரிந்த ஒரே ஆள்
மைக்குக்கு இந்தப் பக்கம் இருக்கிறான்.
தெரிந்துகொண்டே வணக்கம் என்றேன்.
ஒன்பது நிமிடம் பேசினேன்.
என்ன பேசினேன் என்று
மொரீனுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் அக்ரொய்ட் கதவைத் தட்டினார்.
வணக்கம் என்றால் கடல் எச்சரிக்கையா?
இல்லை என்றேன்.
யோசித்துவிட்டு, கொஞ்சம் என்றேன்.

அலைவரிசை:
எங்கள் ஜன்னலைத் திறந்தால் அதுதான்,
பழுப்பாய், ஒன்றின் பின் ஒன்றாய்.
இருட்டினால் மற்ற அலையும் அதன்மேல் ஏறிவிடுகிறது.
ஐப்பசியில் ஒரு கடிதம், ஒல்லாந்தில்
தெர்ஸ்கெலிங் தீவிலிருந்து.
சீட்ஸே என்று யாரோ.
இரவு ஒன்பது நாற்பதுக்குப் பதினேழு விநாடி கேட்டேன்,
ஒரு பெண், ஒரு செருப்பு,
பிறகு நான் அறியாத மொழியில் ஒரு ஆண்.
நீங்கள்தான் என்று உறுதிசெய்து
ஒரு அட்டை அனுப்ப முடியுமா?

மொரீன் வெளிறிப்போனாள்.
வேலி தாண்டிவிட்டோம், பிடிப்பார்கள் என்று
உரிமக் கந்தோருக்குத் தானே போன் பண்ணினாள்.
முழுவதையும் கேட்டுவிட்டு
அந்தப் பக்கத்துப் பிள்ளை சற்று நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாளாம்:
எந்தக் கால் செருப்பு?

பங்குனியில் இன்னும் நாலு மீற்றர் போயிற்று.
கீழே மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால்
வெட்டுமுகத்திலிருந்து எங்கள் கம்பிகள் மூன்று
வெளியே நீட்டிக்கொண்டு,
நுனி பச்சை பிடித்து,
கடல் ஏறும்போது உப்புநீர் தொடுகிற அளவு நீளம்.
தொடும்போதெல்லாம்
மேலே மீற்றரில் முள் ஒரு மயிரிழை கூடுகிறது.
மொரீன் நம்பவில்லை. நான் இரண்டு தரம் காட்டினேன்.

சிவப்புக் கோட்டைத் திருத்தி அனுப்ப வேண்டும்.
அளவுகோல் அவளிடம் இருக்கிறது.
நாளைக்குப் பார்க்கலாம்.

ஆறு மணி.
நாற்பத்தாறாம் இலக்கம் பின்னுக்கு நகர்த்தப்படும்,
சக்கரங்களைத் தயவுசெய்து மறிக்காதீர்.
கடலேற்றம் ஏழு ஐம்பத்திரண்டு.
இடக்கால் செருப்பு இன்னும் இங்கேதான் கிடக்கிறது.
வணக்கம்.