கடைசியாகக் குளித்த தேதி

மொத்தம் ஐம்பது.
விவரம் கேட்டு எழுத இருபது,
வயிற்றைத் தொட்டுச் சொல்லப் பதினைந்து,
பதிவேட்டுக்குப் பத்து,
நடத்தைக்கு ஐந்து.
நடத்தை என்றால் என்னவென்று
எங்கள் பேட்ச்சில் யாரும் கேட்கவில்லை.
கோட்டுக்கு இஸ்திரி போடு, சுவரில் சாயாதே,
மேடம் பேசும்போது குறுக்கே பேசாதே
என்று சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, தை மாதம்.
எனக்கு விழுந்தது பதினோராம் கட்டில்.
முத்துராக்கு, வயது இருபத்தாறு,
சின்ன ஏர்வாடி, இரண்டாவது பிள்ளை.
ரத்தம் ஏழுதான் என்று படுக்க வைத்திருந்தார்கள்.
நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன்.
பாசி எடுக்கிற விரல்கள்,
நுனியெல்லாம் பாறை கீறிய வெள்ளைக் கோடுகள்.

கடைசியா எப்பக்கா குளிச்சீங்க?

'படகக் கட்டுன அன்னைக்கு ஒதுங்குனேன்,
நாலாம் நா குளிச்சேன்.
அந்தாளு வீட்டுல இருக்குற நாளுல்ல,
மறக்குமா?'

நான் தொண்டிக்காரி.
தடைக்காலம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பது
எங்கள் தெருவில் பால்கடன் சொல்கிறவருக்கும் தெரியும்.
ஏப்ரல் பதினைந்து என்று எழுதினேன்.
ஒன்பது மாதம் கூட்டி, ஏழு நாள் கூட்டி
ஜனவரி இருபத்திரண்டு.

மேடத்துக்கு முந்தின ராத்திரி மூன்று சிசேரியன்.
கண் இமை கனத்து, கையில் ஆறிப்போன டீ.
என் தாளையும் பழைய அட்டையையும் பார்த்தார்.
அட்டையில் யாரோ சிவப்பு மையில்
'தேதி தெரியாது' என்று எழுதியிருந்தார்கள்.
எட்டாம் மாத ஸ்கேன் பிப்ரவரி ஐந்து என்றது.
'இந்தத் தேதி எங்கிருந்து வந்துச்சு?'
கடல்ல இருந்து மேடம் என்று சொல்லத் தோன்றியது.
சொல்லவில்லை.
'அவங்களுக்குத் தெரியும் மேடம்,
நாமதான் கேக்கல' என்று சொன்னேன்.
அது அதைவிட மோசம்.

அடுத்து ஃபவாஸ்.
வாசித்த மாதிரி ஆங்கிலம், ஒரு தடங்கல் இல்லை.
கையை மட்டும் தப்பான பக்கம் வைத்தான்.
முத்துராக்கு இருமுகிற சாக்கில் புரண்டு
முதுகு இருக்கிற பக்கத்தை
அவன் உள்ளங்கைக்குக் கீழே கொண்டுவந்தாள்.
காலையிலிருந்து ஏழு பேர் அமுக்கிய வயிறு,
விடை அவளுக்கு மனப்பாடம்.
பதினைந்துக்குப் பதினான்கு.

இருபத்திரண்டாம் தேதி, விடிகாலை மூன்றே முக்கால்.
பனிக்குடம் உடைந்து
தரையெல்லாம் நீர்.
மரியபுஷ்பம் சிஸ்டர் என் கையைப் பிடித்திழுத்து
தலை வருகிற இடத்தில் வைத்து
அதன்மேல் தன் கையை வைத்தார்.
'அவசரப்படாத, அதுவா வரும். வுடு. இப்பப் பிடி.'
சூடு. வழுக்கல். பிறகு ஒரு முழு எடை.

ஆண் பிள்ளை. முதல் நிமிட மதிப்பெண் ஒன்பது.
கைகால் நீலமாக இருந்ததற்கு ஒன்று குறைத்தோம்.
எல்லாப் பிள்ளைக்கும் அந்த ஒன்று குறையும்,
சிஸ்டர் துண்டால் துவட்டியபடியே சொன்னார்.
ஐந்தாம் நிமிடத்தில் திரும்பப் பார்த்தோம்.
பத்து.

பதிவேட்டில் மூன்று கட்டம்:
கண்டது, உதவியது, செய்தது.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
மேலே இருந்தது அவர் கை,
கீழே இருந்தது என் கை,
அதற்கும் கீழே முக்கியது முத்துராக்கு.

மறுநாள் பலகையில் ஒட்டினார்கள்.
முப்பத்திநாலு.
விவரத்தில் ஆறு போயிருந்தது,
நடத்தையில் மூன்று.

ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது
பட்டையைச் சுற்றும்முன்னே கேட்டாள்,
'எம்புட்டுப் போட்டாக?'
முப்பத்திநாலுக்கா.
'எம்புட்டுக்கு?'
அம்பதுக்கு.

பிள்ளையை மற்ற மார்புக்கு மாற்றினாள்.
'பாசி ஏவாரியும் இப்படித்தேன்.
அம்பது கிலோ தூக்கி வெச்சா
ஈரத்துக்கு இம்புட்டு, மண்ணுக்கு இம்புட்டுன்னு
கழிச்சுத்தேன் சீட்டு எழுதுவாரு.
நனையாம எப்புடித் தங்கச்சி எடுக்கிறது?'

நூற்றுப் பத்துக்கு எழுபது என்று எழுதினேன்.
அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.