இரண்டு விரல் பிளே

மூன்று மாதக் காசு முன்கூட்டியே கட்டியாயிற்று.
மகள் பட்மின்ரன் பக்கம் போய்விட்டாள்.
திருப்பித் தரப்படமாட்டாது என்று
பற்றுச்சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.
ஆகவே நான் போனேன்,
நாற்பத்தாறு வயது, மூதூர் பஸ் சாரதி,
சம்மணம் கொட்டினால்
முழங்கால் தரைக்கு வராதவன்.

உவர்மலையில் ஆரபியின் வீடு.
அவளுக்கு இருபத்துமூன்று. நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்கிறாள்.
"முதலில வயலின் வேண்டாம், வில் மட்டும்" என்றாள்.
என் கையைப் பார்த்துவிட்டு,
"வில்லும் வேண்டாம். பென்சில்."

ஒரு கிழமை பென்சில் பிடித்தேன்.
பெருவிரல் வளையவேண்டும். நடுவிரல் அதற்கு நேரே.
சுண்டுவிரல் வளைந்து மேலே நிற்கவேண்டும்,
பாரத்தைத் தாங்கி, பாரம் போடாமல்.
சொல்லும்போது விளங்குகிறது.
கை என்று ஒன்று இடையில் வந்துவிடுகிறது.

டிப்போவில் ஜவ்சி கண்டுவிட்டான், என் கொண்டக்டர்:
"என்ன அண்ணன், பென்சிலுக்கு ஊசி போடுறீங்களா?"

அடுத்த கிழமை உண்மையான வில்.
அடியில் இருக்கும் கறுப்புக் கட்டைக்குத்
தவளை என்று பெயராம்.
ஏன் தவளை? ஆரபிக்கும் தெரியாது.
பிடித்தேன், தவளையின் கழுத்தைப் பிடித்த மாதிரித்தான்.
நகம் வெளுத்தது.
கம்பியில் வைத்தால் வில் துள்ளியது,
பள்ளத்தில் விழுந்த பஸ்ஸின் பின்சீற்றைப் போல.

"ஊன்றாதேங்கோ அண்ணா."
"ஊன்றேல்லையே."
"ஊன்றுறீங்கள்."
நான் சொன்னேன்: பிள்ளை, இந்த ஊரில
வில்லூன்றி என்று ஒரு கோயிலே இருக்கு.
அவள் சிரிக்கவில்லை.
"அது ஆற்றை வில்லோ. இது பதினைஞ்சாயிரம் ரூபா."

செவ்வாய், முதல் பஸ், ஐந்து இருபது.
கோட்டைப் பக்கத்து மான்கள் ஏழெட்டு
வீதி நடுவே, ஒரு அவசரமுமில்லாமல்.
ஹோர்ன் அடிக்கவில்லை.
கியரை இறக்கி, இடமும் வலமுமாய் ஊர்ந்தேன்.
அப்போதுதான் வலக்கையைக் கண்டேன்.

இந்தப் பஸ்ஸின் ஸ்ரியரிங்கில் இரண்டு விரல் பிளே.
அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு,
சில்லுக்குத் தெரியாமல் ஆடும்.
புதிதாய் வருகிறவர்கள் பயந்துபோய் இறுக்குவார்கள்;
பஸ் பாம்பாய்ப் போகும்.
நான் அந்த ஆட்டத்தை அதற்கே விட்டுவிட்டுப்
பதினெட்டு வருடம் கிண்ணியாப் பாலத்துக்
குறுக்குக் காற்றில் நேரே போய் வந்திருக்கிறேன்.

பெருவிரல் வளைந்திருந்தது.
சுண்டுவிரல் மேலே சும்மா இருந்தது.
அதற்கு யார் சொன்னது?

சீனக்குடாவில் மா ஆலை ஆட்கள் ஏறினார்கள்,
முழங்கை வரை வெள்ளையாய்.
என் கால்சட்டையில் றோசின் தூளைக் கண்டு
ஒருவர் கேட்டார்: "நீங்களும் இரவு ஷிப்டா?"
ஓம் என்றுவிட்டேன்.

இரவு மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
நான் தவளையை விட்டேன், அதாவது
பிடித்தபடியே விட்டேன்.
அதை இதைவிட வடிவாய்ச் சொல்லத் தெரியவில்லை.
மெல்ல இழுத்தேன்.
நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு
நடுங்காத சத்தம் ஒன்று வந்தது.
பிறகு பழையபடி தகரம்.

அந்தச் சாணைத் திரும்பத் திரும்பத் தேடினேன்.
மேலே இல்லை, கீழே இல்லை.
பத்தரை இருக்கும்,
சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து மகள்:
"அப்பா, பெருவிரல்."

பார்த்தேன்.
விறைத்து நின்றது.