வெளியே வராத சைட்போர்டு

டண்டீயில் மூன்றாம் மாடி.
நத்தை ஓடுபோலச் சுருண்டு இறங்கும் படிக்கட்டு.
நானும் ஃபெர்கஸும்
நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம்,
திட்டியும் பார்த்தோம்.
இரண்டாம் திருப்பத்தில் சைட்போர்டு
சுவரைக் கவ்விக்கொண்டது.

"கயிறு கட்டி ஜன்னல் வழியா ஏத்துனாங்க"
என்றார் எதிர்வீட்டு மிசஸ் கெடஸ்.
"அப்போ ஜன்னல் பெருசு."

இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

மறுபடி மேலே.
இழுப்பறைகள் தரையில் வாய் பிளந்து கிடந்தன:
கறுத்த கரண்டிகள்,
காதுக் கருவியின் பொத்தான் பேட்டரிகள்,
சணல் ஆலைச் சம்பளச் சீட்டுகள்,
ஒரு தவணை அட்டை.
யூஃபீமியா டஃபஸ், வாரம் மூன்று ஷில்லிங்,
நூற்றுநான்கு முத்திரை.
கடைசிக் கட்டத்தின் கீழே பென்சிலில்
'என்னுடையது'.

பதினேழு வருடமாக அடுத்தவர் வீட்டைக் காலி செய்கிறேன்,
இதன் பூர்வோத்திரம் கொஞ்சம் தெரியும்.
முதலில் வெறும் பலகை, சுவரோரம் தட்டு வைக்க.
பிறகு பிரபுக்களின் பசிக்கேற்ப
இழுப்பறை முளைத்தது,
ஒயின் குளிர ஈயத்தகடு வேய்ந்த குழி முளைத்தது.
ஜமைக்காவில் அடிமைகள் வெட்டிச் சாய்த்த மகோகனி
இங்கே மெழுகு பூசி மினுங்கியது.
விருந்து முடிந்து பெண்கள் எழுந்து போனதும்
ஆண்கள் அதன் ஓரக் கதவைத் திறந்து
மூத்திரச் சட்டியை எடுப்பார்களாம்,
வரி விதிப்பு பற்றிய பேச்சை நிறுத்தாமலே.

இது அந்த வம்சத்தின் ஏழைச் சொந்தம்.
மேலே மகோகனித் தோல், உள்ளே பைன்.
வீடு முழுக்கத் தேடினேன்,
சாப்பாட்டு மேசை இல்லை.
எதன் பக்கத்தில் நிற்க
இதை வாங்கினார் யூஃபீமியா?

ஃபெர்கஸ் ரம்பம் எடுக்க வண்டிக்கு இறங்கினான்.

அப்போது சாவியோடு வந்தாள்
புதிதாகக் குடிவரும் போலந்துக்காரி கிங்கா,
தோளில் குழந்தை.
மேல்பலகையைச் சாண்போட்டு அளந்தாள், இரண்டு முறை.
துண்டை விரித்தாள். குழந்தையைக் கிடத்தினாள்.
நான் நிற்பதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.
நனைந்த நாப்பியைச் சுருட்டி
சுற்றுமுற்றும் பார்த்து
ஓரக் கதவைத் திறந்து உள்ளே வைத்தாள்.

சிரித்துவிட்டேன்.
என்ன என்பதுபோல் பார்த்தாள்.
"பழைய வழக்கம்தான்" என்றேன்.

ரம்பத்தோடு வந்த ஃபெர்கஸ்
வாசலிலேயே நின்றான்.
இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினோம்.
மூன்றாவது மட்டும் பாதியில் முரண்டியது.

"அது எப்பவும் அப்படித்தான்,
லேசாத் தூக்கித் தள்ளணும்"
எதிர்வீட்டிலிருந்து குரல்.