நோய் என்ற கட்டம்

இட்டூப்புக் கத்தனாருக்கு
எங்கள் களி கடைசிவரை தொண்டையில் இறங்கவில்லை.
மிளகு வண்டிகளோடு மலை தாண்டி
காவேரிப்பட்டணம் சந்தைக்கு வந்தவர்,
காய்ச்சலில் விழுந்தார், எழுந்தார்,
திரும்பிப் போகவில்லை.
பதினோரு வருஷம்.

ஆட்டைப் பட்டியில் அடைத்தேன் என்றால்
முகம் சுளிப்பார்.
அவர் ஊரில் பட்டி என்றால் நாயாம்.
எங்கள் ஊர்ப் பெயரே பட்டியில்தான் முடியும்,
என்ன செய்ய.

குர்பானா மட்டும் சுறியானியில்.
குறியேலாயிசோன், குறியேலாயிசோன்.
கடைசி வரிசையிலிருந்து பாப்பம்மா கேட்டாள்:
யாருக்குச் சாமி குறி சொல்றீங்க?
பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டு
சிரித்தார் மனுஷன்.

தை மாதம் கோட்டையிலிருந்து ஆள் வந்தது.
முதலில் அவரைக் கேட்கவில்லை,
ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்டார்கள்.
நூற்றுநாற்பது பேர்,
தகப்பன் பேர், வீடு.
நாளைக்குள் வேண்டும் என்று போனார்கள்.

அன்று ராத்திரி
ராயப்பன் களத்துக் கேழ்வரகுக் குழியைத் திறந்து
விளக்கை இறக்கினோம்.
அணைந்தது.
காற்றாட விட்டு மறுபடி இறக்கினோம்.
நின்று எரிந்தது.
புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி
அவரே இறங்கி வைத்தார்.
தாடியெல்லாம் தானியமாக ஏறி வந்தவரை
நீங்களும் உள்ளேயே இருங்கள் என்றோம்.
இடம் பற்றாது என்றார்.
ஆறு பேர் நிற்கிற குழி அது.

மேலே நடந்தது எனக்கு முழுசாகத் தெரியாது.
கோட்டைக்குத் தண்ணீர் சுமந்த சின்னராயி சொன்னாள்:
பேர் சொல்லு என்று அடித்தார்களாம்,
சொன்னாராம்.
ஆதாம். சேத்து. ஏனோசு. மத்தூசலா.
எழுதுகிறவன் மூன்று பக்கம் எழுதிவிட்டுத்தான்
இவங்கெல்லாம் எந்தத் தெரு
என்று தலைதூக்கினானாம்.

மறுநாள் பாறைக்குக் கீழே
புளியங்காட்டுப் பக்கம்
ஒரு செருப்பு கிடந்தது.
அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

மாசிக் கடைசியில் குழி திறந்தோம்.
தானியத்தின் வெக்கையில் மை ஊறி
பேர்மேல் பேர் படிந்து கிடந்தது.
என் மகள் பேரை
எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

பின்பக்கம் இறந்தோர் வரிசை.
அதை எழுதுவது கத்தனார் வேலை,
கோயிற்பிள்ளை நான் மணி அடிக்கிறவன்.
ஆனாலும் எழுதினேன்.
பேர்: இட்டூப்பு.
ஊர்: என்று போட்டு, அவர் ஊரை அடித்துவிட்டு
எங்கள் பட்டியை எழுதினேன். கோபிக்கட்டும்.
நோய் என்ற கட்டத்தில்
இறகு வெகுநேரம் நின்றது,
ஒரு சொட்டு மை விழுந்தது.
அதன் பக்கத்தில் எழுதினேன்:
காய்ச்சல். பதினோரு வருஷம்.