நட்டு மாட்டியாச்சா

முதலில் கம்பளத்தைக் கிழித்தேன்.
அதற்கு அடியில் லினோலியம்.
அதற்கும் அடியில், கோப்பியில் நனைத்த ரொட்டி மாதிரி
விரலோடு வந்துவிட்ட பிளைவுட்.
ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிடிவரை இறங்கியது.
ஓட்டை வழியே செம்மண் தெரிந்தது,
எதுவும் நடக்காதது போல் நடந்துகொண்டிருந்த
ஒரு மரவட்டையும்.

சிலிம் ரிவரில், செம்பனை மில்லின்
எடைமேடைக்குப் பின்னால்
பதினோரு வருஷம் கிடந்த கேரவன்.
வேகவைத்த முட்டையைப் படுக்கப் போட்டு
அறுத்து மறுபடி ஒட்டிய மாதிரி
மேல்பாதி, கீழ்பாதி, நடுவே ஒரு தையல்.
எண்ணூறு வெள்ளி கொடுத்தேன்.
"இதுல ஏறி எங்க போறதாம்?" என்றாள் சுபத்திரை.
கேமரன் மலை என்றேன்.
அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

பைபர்கிளாஸ் அழுகாது. அதுதான் சிக்கல்.
கழுவிவிட்டால் வெளியே போன வாரம் வாங்கியது போல் மினுங்கும்.
கூரைச் சன்னலின் ரப்பர் எப்போதோ செத்து
நாலு மணி மழை தினமும் ஒரு கரண்டி
சுவரோடு இறங்கி ஓரத்தைத் தின்றிருக்கிறது.
தரையைத் திட்டி என்ன பிரயோசனம்.

வெல்டிங் தெரிந்தவன் வேண்டும்.
சுபத்திரை தன் தம்பிக்குப் போன் போட்டாள்,
என்னிடம் கேட்காமல்.
குணாளனும் நானும் பேசி நாலு வருஷம் ஆகிறது.
லயத்து வீட்டு நஷ்டஈடு, மாமனார் பெயரில் வந்தது,
யார் கையெழுத்து, எந்தத் தேதி.
அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

மோட்டார் சைக்கிளில் வந்தான்.
குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தான்.
"தரைய எடுத்தா இடுப்பு விரியும்"
என்று கேரவனிடம் சொன்னான்.

லாரி பெல்ட்டை வயிற்றில் சுற்றி இறுக்கினோம்.
அறுத்து எடுத்ததும், பெல்ட் இருந்தும்
ஒரு விரல் அகலம் விரிந்தது;
காலையில் சாத்திய கதவு சாத்தவில்லை.
கொண்டி சொடுக்கும்வரை அவன் ஒரு பக்கம்
நான் ஒரு பக்கம் இறுக்கினோம்.

வாஷிங் மெஷின் அட்டையில் அச்சு வெட்டினேன்.
ஆ கியோங் கடையில் படகுக்குப் போடும் பிளைவுட், இரண்டு.
கதவு இரண்டே அடி. முழுத் தரை உள்ளே போகாது.
இரண்டாக அறுத்து, இரும்புக்கு நேர் மேலே இணைத்தோம்.
முதல் கோப்பை ரெசின் பகல் வெயிலில் புகைந்து
தூரிகையோடு கல்லாகிவிட்டது.
"சாயங்காலம் ஊத்தணும்" என்றான். கோப்பையிடம்.

போல்ட்டு பதினாறு.
அவன் கீழே, பழைய தைப்பூச பேனரை விரித்துப் படுத்திருந்தான்.
நான் மேலே, முட்டிபோட்டு.
துளை போட்டதும் முதலில் டார்ச் வெளிச்சம் வந்தது,
பிறகு அவன் கண், ஒன்று மட்டும்.
"விடு."
"விட்டேன். நட்டு மாட்டியாச்சா?"
"ம்."
ஒன்பதாவதில் கீழிருந்து,
"அப்பா பேர்ல வந்த அந்தப் பணம்..." என்றான்.
பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று
எடைமேடையில் ஏறி உறுமியது.
மிச்சம் எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.
பத்தாவது போல்ட்டை இறக்கினேன்.
கொஞ்ச நேரம் யாரும் பிடிக்கவில்லை.
பிறகு பிடித்தான்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மழை பிடித்தது.
போய்விடுவான் என்று நினைத்தேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.
ரெசின் வாடை மூக்கை அரித்தது.
புது ரப்பர் போட்ட கூரைச் சன்னலையே பார்த்தபடி
இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.
அங்கே ஒழுகவில்லை.
பின்சன்னல் மூலையில் ஒரு சொட்டு
திரண்டு, யோசித்து, இறங்கியது.
அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு
"இங்க" என்றான்,
என்னைப் பார்த்து.

சிலிக்கோன் எடுக்க எழுந்தேன்.
தரை ஒரு சத்தமும் போடவில்லை.