ஒன்றரை ரூபாய்ப் பேய்கள்

ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்.
காதல் கதை, துப்பறியும் கதை, சமையல் குறிப்பு
எல்லாவற்றுக்கும் அதே வாடகை.
பேய்க்கதைக்கு மட்டும் ஒன்றரை.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

முதுநகர் ஸ்டேஷன் ரோட்டில்
பஞ்சர் கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவே
எட்டுக்குப் பத்து கடை.
கீழ்த்தட்டில், வெயில் எட்டாத மூலையில்
அவற்றை வைத்திருந்தேன்.
அட்டையில் நிலா, பல், வெள்ளைப் புடவை,
பாழடைந்த மாளிகையின் மாடியில் ஒற்றை விளக்கு.
கடலூரில் மாளிகை ஏது?
கெடிலத்தோரம் உப்பு தின்ற கோட்டைச் சுவர் கொஞ்சம்,
துறைமுகத்தில் கூரை போன கிட்டங்கிகள்.
மீதியை வாசிக்கிறவர்கள் கட்டிக்கொண்டார்கள்.

சிப்காட் ராத்திரி ஷிஃப்ட், பாய்லர் குப்புராஜ்
வாரம் மூன்று எடுப்பார்.
"அங்க ஒரு வாடை வரும் சார்,
அழுகின பழமாட்டம்.
என்னன்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டான்.
இதுல அப்படி இல்ல.
மல்லி வாசம் வந்தா
அவ வந்துட்டான்னு அர்த்தம்."
பேய் இரும்புக்கு அஞ்சும்,
கோழி கூவினால் கிளம்பும்.
கம்பெனி வாடைக்கு எந்தக் கோழியும் பொருட்டில்லை.

ஜைனம்பு டீச்சர்
கணக்குப் பேப்பர் திருத்தும் மாதங்களில் மட்டும் வருவார்.
ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு இருக்கும்:
"மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவன்
ஏழில் எப்படிக் காப்பி குடிக்கிறான்?"
அடுத்த வாரம் இன்னொன்று எடுப்பார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.
தேவனாம்பட்டினத்தில் கடல்
செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தது.

என் கடையில் தண்ணீர் ஏறவில்லை.
ஆனால் நோட்டைப் பாருங்கள்:
ஜனவரி, பிப்ரவரி, மார்ச்.
காதல் போயிருக்கிறது, சமையல் போயிருக்கிறது,
பேய் ஒன்றுகூடப் போகவில்லை.
குப்புராஜ் ஜோக் புத்தகம் கேட்டார்.
கரையில் ராத்திரி அழுகைச் சத்தம் கேட்பதாக
ஊரில் யாரும் கதை கட்டவில்லை.
அழுதது யார் என்று
எல்லோருக்கும் பெயரோடு தெரியும்.
எடைக்குப் போட்டுவிடலாமென்று
கயிறுகூட வாங்கி வைத்தேன்.

ஆடி கழிந்த வாரம் அஞ்சலாட்சி வந்தாள்.
மீன்கூடையை வாசலில் இறக்கி
ஈரக்கையை முந்தானையில் துடைத்து,
"பேய் பொஸ்தகம் இருக்கா?"
ரொம்பப் பயங்கரமானதா வேணுமா என்றேன்.
"பயம் எதுக்கு?
செத்தது வூட்டுக்குத் திரும்பி வருமே,
கதவத் தட்டுமே, அந்த மாதிரி."

குத்துக்காலிட்டுத் தேடினேன்.
திரும்பி வந்ததெல்லாம்
பழிவாங்கத்தான் வந்திருந்தது.
கடைசியில் மந்திரவாதி ஒருவன்
மரத்தோடு ஆணியடித்துவிடுகிறான்.
நூற்று நாற்பது புத்தகத்தில்,
வந்து, சும்மா உட்கார்ந்து
"சோறு இருக்கா" என்று கேட்கிற பேய்
ஒன்றுகூட இல்லை.

ஒன்றை எடுத்தேன்.
கடைசிப் பதினாறு பக்கத்தைத்
தையலோடு உருவிவிட்டுக் கொடுத்தேன்.
வாடகையைக் குறைக்கவில்லை.
குறைத்தால் கோபித்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பது நாள் வைத்திருந்தாள்.
நாற்பத்தோராம் பக்கத்தில்,
கதவு தட்டப்படும் இடத்தில்
ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது.
"முடிவக் காணமே" என்றாள்.
கிழிந்துபோச்சு என்றேன்.
"பரவால்ல. வேற குடு."

அதே வாரம் குப்புராஜ்,
குரலைத் தாழ்த்தி, முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு:
துறைமுகக் கிட்டங்கியில் யாரோ நடக்கிறார்களாம்,
ஐஸ் கம்பெனிப் பையன்கள் பார்த்தார்களாம்,
கால் தரையில் படவில்லையாம்.
எட்டு மாதம் கழித்து அந்த முகத்தில்
பழைய, சுகமான பயம்.

உட்காருங்க, டீ சொல்றேன் என்றேன்.
கயிறை அவிழ்த்தேன், தூசி தட்டினேன்,
வாடகையை இரண்டு ரூபாயாக்கினேன்.

ஜைனம்பு டீச்சர் மட்டும் ஏன் என்று கேட்டார்.